பச்சையப்பர் எழுதிய உயிலும் நாம் எழுதாத உயிலும்

 

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் ஹாஸ்டல் கதை, பஸ் ஸ்டாண்டு கதை என்று எதையாவது எழுதித் தந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன சந்திப்பில் மதிய சாப்பாட்டுக்குப் பிறகு வேப்ப மரத்தடியில் நடந்த பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன், பனியன் கம்பெனி நடத்தியவன், படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு நம் கல்லூரியில் வருஷா வருஷம் ஃபீஸ் கட்ட ஒரு நிதி வைக்கப்போகிறேன் என்று நாலைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். திடீரென்று ஒரு நாள் போய்விட்டான். வீட்டுக்காரர்கள் நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் எவ்வளவு, எதிலிருந்து, யார் பொறுப்பு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இடம் ஒருவர் பெயரில், மெஷின் பார்ட்னர்ஷிப் பெயரில், பேங்க் கடன் எல்லார் தலையிலும். அவன் நினைத்தது அவனோடு போயிற்று.

அன்றைக்கு மரத்தடியில் ஒருவர், ட்ரஸ்ட் போட்டிருக்கலாமே என்றார். இன்னொருவர், எந்த ட்ரஸ்ட் என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த பதிலை ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லியே சொல்லப் பார்க்கிறேன். அவர் இறந்து 200 வருஷத்துக்கு மேலாகிறது. அவர் பெயரில் ஒரு கல்லூரி இருப்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கல்லூரி எப்படி வந்தது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

தந்தை முகம் பாராத பிள்ளை

காஞ்சிபுரம் பச்சையப்ப முதலியார் பிறந்தது 1754-ல். தந்தை விசுவநாத முதலியார், பிள்ளை பிறக்கும் முன்பே காலமாகிவிட்டார். வயிற்றில் குழந்தையோடு நின்ற தாயார் பூச்சியம்மாளுக்குப் பெரியபாளையத்தில் ரெட்டி ராயர் என்ற குடும்ப நண்பர் ஆதரவு கொடுத்தார். அந்த நிழலும் நீடிக்கவில்லை. ராயரும் மறைந்த பிறகு தாயார் பிள்ளைகளோடு சென்னைப் பட்டணத்துக்கு வந்து, பவுனி நாராயண பிள்ளை என்பவரை அடைந்தார்.

இந்த நாராயண பிள்ளை ஒரு துபாஷ். துபாஷ் என்றால் இரண்டு பாஷை அறிந்தவர் என்று பொருள். வெள்ளைக்கார வியாபாரிக்கும் நம் ஊர் நெசவாளி, தரகர், விவசாயி ஆகியோருக்கும் நடுவில் நின்று பேசி, வாங்கி, விற்று, கடன் கொடுத்து, கணக்குத் தீர்ப்பவர். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், பையிங் ஏஜென்டு, ஃபைனான்ஸ்காரர், மொழிபெயர்ப்பாளர் மூவரும் சேர்ந்த ஒரே ஆள். பவுனி என்ற ஆங்கிலேயக் குடும்பத்துக்குத் துபாஷாக இருந்ததால்தான் இவருக்கு அந்த அடைமொழி.

அவரிடம் இங்கிலீஷும் வியாபார நுணுக்கமும் கற்ற பச்சையப்பர், வெகு சீக்கிரத்தில் தாமே துபாஷ் ஆனார். சரக்கு வாங்கிக் கொடுப்பதில் தொடங்கி, வரி வசூல் தொடர்பான காரியங்களுக்குப் போய், பிறகு தஞ்சாவூர்ச் சீமை வரை அவர் கை நீண்டது. தஞ்சாவூர் அரசுக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார். தகப்பன் முகம் பாராத பிள்ளை நாற்பது வயதுக்குள் இப்படி நின்றார் என்றால், அந்த உழைப்பை நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கைமடித்துக் கொடுத்தவனும் செக்கிங்கில் உட்கார்ந்தவனும் பின்னால் முதலாளியான ஊர்தானே இது.

சம்பாத்தியத்தோடு பக்தியும் வளர்ந்தது. சென்னையில் கோமளேசுவரன்பேட்டையில் வசித்தபோது கூவத்தில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்பது இன்றும் சொல்லப்படும் செய்தி. கூவத்தில் குளிக்க முடிந்த காலம் அது! நொய்யலில் நாம் குளித்ததைப் பேரப்பிள்ளைகள் நம்பாததுபோல், இதையும் யாரும் நம்ப மாட்டார்கள். காஞ்சிபுரம், சிதம்பரம் முதலிய கோயில்களில் அவர் தர்மம் நடந்தது. சிதம்பரம் கிழக்குக் கோபுரத் திருப்பணியோடு அவர் குடும்பத்தின் பெயர் சேர்ந்திருக்கிறது.

குடும்ப வாழ்க்கையில் நிம்மதி குறைவு. அக்காள் மகள் ஐயாளம்மாளை மணந்தார். பிறகு பழநியாயி என்பவரை இரண்டாந்தாரமாக மணந்தார். சொத்துக்கு உரியவனாக ஆண் வாரிசு இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒத்துவரவில்லை. உடம்பும் நலிந்தது. பணம் இருக்கிறது, தர்மம் செய்யும் எண்ணம் இருக்கிறது, தமக்குப் பிறகு அது நடக்குமா என்ற கவலையும் இருக்கிறது. அந்த நிலையில் 1794 மார்ச் 22-ந் தேதி கும்பகோணத்தில் உயில் எழுதினார். ஒன்பதே நாள். மார்ச் 31-ந் தேதி திருவையாற்றில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 40.

உயில் எழுதியும் வந்த வழக்கு

அந்த நாளில் இந்துக்கள் உயில் எழுதுவது வழக்கமே இல்லை. நம் தர்ம சாஸ்திரங்களில் உயிலுக்கு இடமில்லை என்பதால், இந்து எழுதிய உயில் செல்லுமா செல்லாதா என்பதே பெரிய கேள்வி. இந்துக்களின் உயிலுக்கென்று சட்டம் வந்தது 1870-ல்தான். அதற்கு 76 வருஷம் முன்பே, தம் செல்வத்தைத் தெய்வ கைங்கரியத்துக்கும் தர்மத்துக்கும் என்று எழுதிவைத்தார் பச்சையப்பர். நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை வளர்த்த நாராயண பிள்ளையிடம் ஒப்படைத்தார்.

எண்ணம் சுத்தம், எழுத்தும் இருக்கிறது. ஆனாலும் என்ன நடந்தது? வாரிசு உரிமை கோரி உறவுக்குள் தகராறு. வழக்கு மேல் வழக்கு. பொறுப்பேற்றவர் காலத்துக்குப் பிறகு பணம் யார் கையில், கணக்கு யாரிடம் என்ற குழப்பம். வருஷங்கள் உருண்டன. சென்னையில் 1801-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்பட்டு, விவகாரம் அங்கே போய், பிற்காலத்தில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதைக் கையில் எடுத்தார். சிதறிக் கிடந்த நிதியைக் கோர்ட்டு மூலமாக மீட்டு ஒழுங்குபடுத்தியதில் அவர் பங்கு பெரிது.

இத்தனை வருஷ வட்டியும் சேர்ந்து, தொகை பல லட்சம் ரூபாயாக வளர்ந்திருந்தது. கோயில் கட்டளைகளுக்கு வேண்டியதை ஒதுக்கியது போக மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை என்ன செய்வது? வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கவில்லை. தர்மத்துக்கென்று எழுதியவரின் எண்ணத்துக்கு நெருங்கிய இன்னொரு தர்மத்துக்குத் திருப்பினார்கள். அதுதான் கல்வி. ஒரு தர்மத்தை எழுதியபடியே நடத்த முடியாமல் போனாலோ, பணம் மிஞ்சினாலோ, எழுதியவரின் எண்ணத்துக்கு மிக அருகில் உள்ள காரியத்துக்கு அதைச் செலவிடும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். பொது தர்மச் சொத்துக்கு உள்ள பெரிய பாதுகாப்பு இது.

அப்படித்தான் 1842 ஜனவரி 1-ந் தேதி சென்னை பிராட்வேயில் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது. உயில் எழுதி 48 வருஷம் ஆகியிருந்தது. 1846-ல் அடிக்கல் நாட்டப்பட்ட பச்சையப்பன் மண்டபம், கிரேக்க நாட்டு ஏதென்ஸ் கோயில் ஒன்றின் சாயலில் எழுந்து 1850-ல் திறக்கப்பட்டது. 1889-ல் பள்ளி கல்லூரியாயிற்று. 1940-ல் சேத்துப்பட்டுக்கு இடம் பெயர்ந்தது. ஆரம்பத்தில் இந்து மாணவர்களுக்கு மட்டுமே என்றிருந்த வாசல் 1947-ல் எல்லாருக்கும் திறந்தது. கணித மேதை ராமானுஜன் இங்கே எஃப்.ஏ. படித்து 1907-ல் தேறாமல் போனதும், அறிஞர் அண்ணா இங்கேதான் படித்து உருவானதும் எல்லாரும் அறிந்தவை. காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் இன்னும் சில கல்லூரிகள் அந்த அறக்கட்டளையின் கீழ் வந்தன. வேறு தர்மவான்கள் தங்கள் நிதியையும் அதே அறக்கட்டளையிடம் நம்பி ஒப்படைத்தார்கள்.

யோசித்துப் பாருங்க. பள்ளிக்கூடம் ஒன்றையும் தம் கண்ணால் காணாத ஒருவர் பெயரில் லட்சக்கணக்கான பிள்ளைகள் படித்துவிட்டார்கள். அதே சமயம் 1794-க்கும் 1842-க்கும் நடுவில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தப் பணம் எட்டாமல் போயிற்று. இரண்டுமே உண்மை. கல்லூரிகள் வளர்ந்த பிறகும் நிர்வாகத் தகராறுகள் ஓயவில்லை. கோர்ட்டு வகுத்த திட்டப்படியும், சில காலங்களில் கோர்ட்டு நியமித்த நிர்வாகிகளின் பொறுப்பிலும் அந்த அறக்கட்டளை நடந்திருக்கிறது.

பச்சையப்பரிடம் நாம் படிக்க வேண்டியது

அவர் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் காலத்தில் முன்மாதிரியும் இல்லை, சட்டமும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கின்றன. இருந்தும் எழுதாமல் இருப்பதுதான் தப்பு.

முதல் பாடம், காலம் தாழ்த்தக் கூடாது. சாவுக்கு ஒன்பது நாள் முன்பு எழுதிய உயில் என்றாலே எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. உடம்பு தெம்பாக இருக்கும்போது எழுதி, இரண்டு சாட்சி வைத்து, முடிந்தால் பதிவும் செய்துவிடுவது நல்லது. உயிலைப் பதிவு செய்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிந்தால் பின்னால் பேச்சு குறையும். உயிரோடு இருக்கும் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் பாடம், ஒரே ஆளை நம்பி விடக்கூடாது. அந்த ஆள் யோக்கியராகவே இருக்கட்டும். அவருக்கும் ஒரு நாள் முடிவு உண்டு. மூன்று அல்லது ஐந்து தர்மகர்த்தாக்கள், ஒருவர் போனால் அடுத்தவர் எப்படி வருவார், வருஷக் கணக்கை யாரிடம் காட்டுவது, தகராறு வந்தால் என்ன வழி என்று பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாம் பாடம், வீட்டையும் தர்மத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது. மனைவிக்கு, பெண்ணுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு என்ன என்பது தெளிவாக இருந்தால்தான் தர்மத்துக்கு ஒதுக்கியதை யாரும் கண்வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

எந்த ட்ரஸ்ட்?

இப்போது வேப்ப மரத்தடிக் கேள்விக்கு வருகிறேன். ட்ரஸ்ட் என்ற ஒரே சொல்லில் பல சரக்கு இருக்கிறது. துணி என்றால் இன்டர்லாக்கும் துணி, ரிப்பும் துணி. ஆனால் எது எதற்கு என்று கட்டிங் மாஸ்டருக்குத் தெரியும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

குடும்பத்துக்காக வைப்பது தனியார் அறக்கட்டளை. இது 1882-ம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டத்தின் கீழ் வரும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று முன்கூட்டியே எழுதிவிடுவது ஒரு வகை. மூத்தவனுக்குப் பாதி, இளையவளுக்குப் பாதி என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கு இது சரி. பங்கைத் தர்மகர்த்தாக்களின் விருப்பத்துக்கு விடுவது இன்னொரு வகை. பிள்ளை சின்னவன், அல்லது தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத குழந்தை வீட்டில் இருக்கிறது, எந்த வருஷம் என்ன செலவு வரும் என்று சொல்ல முடியாது என்றால் இந்த இரண்டாவது வகையே உதவும். ஆனால் இதன் வருமானத்துக்குப் பெரும்பாலும் உச்ச விகிதத்தில் வரி போடுவார்கள். சில விலக்குகள் உண்டு. ஆடிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று வைப்பதா, எடுக்க முடியாதபடி வைப்பதா என்பது அடுத்த கேள்வி. திரும்ப எடுக்கக் கூடியதானால் மனசு மாறினால் வழி இருக்கிறது. ஆனால் வருமானம் வைத்தவர் கணக்கிலேயே சேர்த்து வரி போடப்படும். சொத்து இன்னும் அவர் கையில் இருப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். எடுக்க முடியாததானால் கொடுத்தது கொடுத்ததுதான். பிடி தளர்வது கஷ்டம். ஆனால் நேர்மையாக, முன்கூட்டியே, கடன் தொல்லை வருவதற்கு முன் செய்திருந்தால் பாதுகாப்பு அதிகம். கடன்காரரை ஏமாற்ற அவசர அவசரமாக ட்ரஸ்டுக்கு மாற்றினால் கோர்ட்டு அதை உடைத்துவிடும். ஆர்டர் கான்சலாகி பேங்க் நோட்டீஸ் வந்த பிறகு ட்ரஸ்ட் தேடி ஓடுவதில் பிரயோஜனம் இல்லை.

உயிரோடு இருக்கும்போதே வைப்பதா, உயில் மூலமாக வைப்பதா? நிலம், கட்டிடம் சேர்ந்தது என்றால் உயிரோடு வைக்கும் தனியார் ட்ரஸ்டுக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். முத்திரைத் தாள் செலவு உண்டு. ஆனால் தப்பு நடந்தால் நாமே இருந்து திருத்தலாம். உயில் மூலம் வைத்தால் அது நம் காலத்துக்குப் பிறகுதான் உயிர் பெறும். அப்போது கேட்டால் பதில் சொல்ல நாம் இருக்க மாட்டோம். பச்சையப்பருக்கு நேர்ந்தது இதுதான்.

ஊருக்காக வைப்பது பொது அறக்கட்டளை. தனியார் ட்ரஸ்டில் சொத்தை என்றென்றைக்கும் கட்டிவைக்க முடியாது, ஒரு தலைமுறைக் கணக்குக்கு மேல் சட்டம் விடாது. பொது தர்மத்துக்கு அந்த வரம்பு கிடையாது. 1794-ல் ஒதுக்கிய பணம் இன்றும் தர்மமாக நிற்க முடிவது அதனால்தான். தர்மகர்த்தாக்கள் தவறினால், சம்பந்தமுள்ள இரண்டு பேர் சேர்ந்து கோர்ட்டின் அனுமதியோடு வழக்குப் போடலாம், கோர்ட்டு நிர்வாகத் திட்டம் வகுக்கலாம். வருமான வரித் துறையில் முறைப்படி பதிந்து, நிபந்தனைப்படி நடந்தால் வரிச் சலுகையும் உண்டு. ஆனால் அந்தப் பணத்தைச் சொந்த வீட்டுக்குத் திருப்பினால் சலுகை போய்விடும், மானமும் போய்விடும். கோயில் கட்டளை என்றால் அது அறநிலையத் துறைச் சட்டத்தின் பக்கம் போகும்.

பக்கத்து வீட்டு உதாரணம்

சென்னைக் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்கு, நம் பஞ்சாலைச் சீமையிலேயே ஒரு பதில் இருக்கிறது. கோயமுத்தூர் பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடு அவர்களின் நான்கு புதல்வர்கள் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தபோது, நாலு பங்காகப் பிரிக்காமல் ஐந்து பங்காகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. 1926 ஜனவரியில் 2 லட்சத்து ஆயிரம் ரூபாயோடு பி.எஸ்.ஜி. அறநிலையம் தொடங்கியது. அதிலிருந்து தொழிற்பயிற்சிக் கூடம், கலைக் கல்லூரி, 1951-ல் பொறியியல் கல்லூரி, 1985-ல் மருத்துவக் கல்லூரி என்று வளர்ந்ததை நாமே பார்த்தோம். நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படித்திருக்கிறார்கள்!

இரண்டையும் ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். ஒரு தர்மம் சாவுப் படுக்கையில் எழுதப்பட்டு, பள்ளியாக 48 வருஷம் காத்திருந்தது. இன்னொன்று கொடுத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, பங்காளிகள் எல்லாரும் ஒப்புக்கொண்டு, தனிப் பங்காக ஒதுக்கப்பட்டு, அதே ஆண்டில் வேலையைத் தொடங்கியது. மனசு இரண்டிலும் ஒன்றுதான். வழிமுறைதான் வேறு.

நம் கல்லூரிக்கு

கடைசியாக நம் வீட்டு விஷயம். நம் சங்கம் போன்ற அமைப்புகள் 1975-ம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிபவை. சங்கத்துக்குத் தேர்தல் உண்டு, ஆட்கள் மாறுவார்கள், இந்த வருஷ நிர்வாகிகளின் ஆர்வம் அடுத்த வருஷம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆண்டு விழாச் செலவுக்கு அது போதும். ஆனால் முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டும் நிதிக்குத் தனியாக ஒரு பொது அறக்கட்டளை வேண்டும் என்பது என் கருத்து. சங்கத்திலிருந்து இருவர், கல்லூரியிலிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஓர் ஆடிட்டர், ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று ஐந்து பேர். வருஷா வருஷம் இந்த மலரிலேயே கணக்கு அச்சாக வேண்டும்.

மறைந்த நம் தோழனின் வீட்டார் இப்போதும் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். எதில் போடுவது என்று தெரியாமல்தான் கைகட்டி நிற்கிறார்கள். இந்தச் சந்திப்பின் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர நண்பர்கள் துணை நிற்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு இப்போது சொத்து இல்லை, உயில் எழுத வேண்டிய அவசரமும் இல்லை. ஆனால் வீட்டில் அப்பா அம்மாவிடம், தாத்தாவிடம், இந்தக் கதையைச் சொல்லுங்கள். பச்சையப்பர் என்று ஒருவர் இருந்தார், எழுதியும் அவர் பணம் 48 வருஷம் கிடந்தது, எழுதாமல் போனால் என்ன ஆகும் என்று மெதுவாகக் கேளுங்கள். கோபித்துக்கொள்வார்கள். இரண்டு நாள் கழித்து ஆடிட்டருக்குப் போன் போடுவார்கள்.

அனைவரும் நலமோடு இருந்து அடுத்த சந்திப்பிலும் அதே வேப்ப மரத்தடியில் கூடுவோம். அப்போது முதல் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிய ரசீது நம் கையில் இருக்க வேண்டும்.